செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25, கடலூர் முதுநகர்

தலைவர் ஐயாவுக்கும் போதகர் ஐயாவுக்கும் சங்கத்தின் சகோதர சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரம்.

ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு ஞாயிறு மாலை வகுப்பு நடத்துவது நம் வழக்கம். போன ஏப்ரலில் அதை நிறுத்தினோம். பாடத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தவர்கள், திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் திண்டாடினார்கள். வேதத்தில் வரும் ஆக்கில்லாவும் அவர் மனைவி பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்து பிழைத்தவர்கள். எபேசுவில் பிரசங்கி அப்பொல்லோவைத் தங்களோடு சேர்த்துக்கொண்டுதான் மார்க்கத்தை விளக்கினார்கள். அதே மாதிரி, புது விசுவாசி ஒவ்வொருவரையும் ஒரு வீட்டோடு சேர்த்துவிட்டோம்.

துறைமுகத்தில் மீன் வியாபாரம் செய்யும் மூத்த சகோதரி ஒருவர், ஏலத்தில் இன்னொரு பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டார். அவரோடு சேர்த்துவிட்டிருந்த புது விசுவாசியான தங்கை பக்கத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விடியற்காலை அவளையும் கூட்டிக்கொண்டு போய், எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். “ஜெபம் பண்றவங்களுக்குக் கோபமே வராதுன்னு நினைச்சேன்க்கா. எனக்கு வருதே, நான் ரட்சிக்கப்படலையோன்னு பயந்துட்டிருந்தேன்” என்று அந்தத் தங்கை அவரிடம் சொன்னாளாம். வகுப்பில் ஒருநாளும் அவள் இதைக் கேட்டதில்லை.

டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்து தென்பெண்ணை வெள்ளம் கரையோர வீடுகளுக்குள் புகுந்தது. மாதக் கூட்டம் நடக்கவில்லை. புதியவர்களும் பழையவர்களும் சேர்ந்து சேறு அள்ளினோம்.

மார்ச்சில் மாசி மகம் வந்தது. தேவனாம்பட்டினம் தீர்த்தவாரிக்கு வயதான அம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று ஒரு தம்பி கேட்டான். கமிட்டியில் பெரிய வாக்குவாதம். கூடவே கூடாது என்றவர்கள் உண்டு. அவனைக் கவனித்துவரும் அண்ணன், “அந்தக் கூட்டத்துல அம்மாவைத் தனியா விடறதா சாட்சி?” என்று கேட்டுவிட்டு, தானும் கூடப் போனார். வழிபாட்டில் சேராமல், அம்மாவின் செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டு இருவரும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. மாற்றுக் கருத்து மினிட் புத்தகத்தில் இருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு தம்பியை, நேரம் ஒத்துவராத வீட்டில் சேர்த்துவிட்டேன். அவன் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்தியது மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. போன வாரம் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தான், அதிகம் பேசவில்லை. மறுபடி போவேன்.

ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவனோடு காலையில் உட்கார்ந்து சாப்பிட ஒரு குடும்பம் தேவை. முன்வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். டீச்செலவு பற்றிய கேள்விகளைப் பொருளாளரிடம் கேட்கவும்.

செயலாளர்