பாஸ்டனிலிருந்து அப்பாவுக்கு

பாஸ்டன், லிங்கன்ஷயர், இங்கிலாந்து
3-7-2016, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். மேட்டூர் அணை இந்த ஆண்டும் ஜூன் 12 அன்று திறக்கவில்லை என்று தம்பி சொன்னான். குறுவை போன கவலையோடு என்னைப் பற்றிய கவலையும் உங்களுக்குச் சேர்ந்துவிட்டதே என்று வருத்தமாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "ஓட்டுப் போட்டு வெளியூர்க்காரர்களையெல்லாம் போகச் சொல்லிவிட்டார்களாமே, உன்னையும் அனுப்பிவிடுவார்களா அம்மா?" என்று கேட்டீர்கள். இரவுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் "இல்லை அப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். என் விசா, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்காக பிரிட்டன் தானே வகுத்த சட்டப்படி கிடைத்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா என்று நடந்த இந்த வாக்கெடுப்பு அதைத் தொடவில்லை. என்னை நினைத்து நீங்கள் பயப்பட வேண்டாம். பயந்துபோயிருப்பவர்கள் என்னோடு வேலை செய்கிற மற்றவர்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பின்னாளில் இந்த ஒன்றியமாக மாறிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பில் பிரிட்டன் 1973-இல் சேர்ந்தது. அதில் நீடிக்கலாமா என்று 1975-இல் மக்களைக் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கினர் நீடிக்கலாம் என்றார்கள். 41 ஆண்டுகள் கழித்துப் பிரதமர் டேவிட் கேமரன் மறுபடியும் கேட்டார். ஒன்றியத்தின் 28 நாடுகளில் எந்த நாட்டுக்காரரும் மற்ற எந்த நாட்டிலும் விசா இல்லாமல் குடியிருக்கலாம், வேலை செய்யலாம் என்னும் உரிமையைச் சுற்றியே இந்த முறை சண்டை மூண்டது.

வாக்கெடுப்பு ஜூன் 23, வியாழக்கிழமை நடந்தது. விடுமுறை விடவில்லை, காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணி வரை போடலாம். எனக்கும் இங்கே ஓட்டு உண்டு என்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்தியா போன்ற காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் முறையான அனுமதியோடு இங்கே குடியிருந்தால் பட்டியலில் பெயர் சேர்த்து வாக்களிக்கலாம். சாவடியில் பெயரையும் முகவரியையும் சொன்னேன். அடையாள அட்டை கேட்கவில்லை. மறைப்புக்குள் வைத்திருந்த பென்சிலால் காகிதச் சீட்டில் "நீடிக்க வேண்டும்" என்பதற்கு நேராகப் பெருக்கல் குறி போட்டு, மடித்துப் பெட்டிக்குள் போட்டேன். விரலில் மை வைக்கவில்லை. மே 16 அன்று நீங்கள் மை வைத்த விரலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த படத்தைத் தம்பி அனுப்பியிருந்தான். வெளியே வரும்போது அது நினைவுக்கு வந்தது.

மருத்துவமனையில் என் வார்டில் போலந்து நாட்டு அக்கா ஒருவர் இருக்கிறார் என்று முன்பே எழுதியிருக்கிறேன். நான் வந்த புதிதில் தன் கம்பளிக் கோட்டைக் கொடுத்தவர். 11 ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறார், வரி கட்டுகிறார், மகள் இங்கேயே பிறந்தவள். நான் வந்து இன்னும் மூன்று ஆண்டுகூட நிரம்பவில்லை. ஆனால் அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் நாட்டவர் தவிர மற்ற ஐரோப்பியருக்கு இதில் ஓட்டு இல்லை என்பதால், அவருடைய வாழ்க்கையைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் எழுதினேன், அவர் எழுத முடியவில்லை. அன்று இரவுப் பணியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "எனக்கும் சேர்த்துப் போட்டாயா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த ஊரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மன்னார்குடியைச் சுற்றியிருப்பதைப் போல இங்கேயும் கண்ணுக்கெட்டிய வரை மேடு பள்ளம் இல்லாத நிலம். ஒருகாலத்தில் சதுப்பாக இருந்ததை வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து வயலாக்கியிருக்கிறார்கள். நமக்குக் கோபுரம் தெரிவதுபோல் இவர்களுக்கு எங்கிருந்து பார்த்தாலும் செயின்ட் பொட்டால்ஃப் தேவாலயத்தின் கோபுரம் தெரியும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், உருளைக்கிழங்கு, பீட்ரூட் விளைகின்றன. இதையெல்லாம் அறுக்கவும் பொட்டலம் கட்டவும் ஆட்கள் வேண்டும். 2004-இல் போலந்து, லித்துவேனியா, லாட்வியா முதலிய நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு அங்கிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் இந்தச் சின்ன ஊருக்கு வந்தார்கள். விடியுமுன்பே வேனில் ஏறிப் போய், நாள் முழுவதும் குனிந்து வேலை செய்துவிட்டு, சேறு அப்பிய காலணிகளோடு இறங்குகிறவர்களை இரவுப் பணி முடிந்து வரும்போதும் கிளம்பும்போதும் பார்க்கிறேன். நம் ஊரில் நடவுக்குப் போய்வரும் பெண்களின் நினைவு வரும்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 74 வயது. இளம் வயதில் அவரும் முட்டைக்கோஸ் அறுத்தவர்தான். போன குளிர்காலத்தில் என் வாசற்படியில் உறைபனி கட்டிய நாளிலெல்லாம், நான் வழுக்கி விழக் கூடாது என்று விடியுமுன் உப்புத் தூவியவர். அவர் வெளியேறத்தான் வாக்களித்தார். வாக்களிக்குமுன் வேலியருகே நின்று காரணத்தையும் சொன்னார். வயல் கூலி பல ஆண்டுகளாக ஏறவில்லை, ஒரு வீட்டையே அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டுத் தெருவே மாறிவிட்டது, டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, லண்டனில் இருப்பவர்கள் ஒருநாளும் எங்களைக் கேட்டதில்லை என்றார். அதில் எதையும் என்னால் பொய் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் குறைந்த கூலியில் லாபம் பார்த்தவர்களும், ஊர் பெருகியதற்கு ஏற்பப் பள்ளியும் மருத்துவமும் பெருக்காத அரசுகளும் இருக்க, கோபம் போய் விழுந்த இடம் வயலில் குனிந்து நிற்கிறவர்கள் முதுகில்தான் என்பதையும் என்னால் மறக்க முடியவில்லை.

வாக்கெடுப்புக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஜூன் 16 அன்று, யார்க்ஷயரில் பர்ஸ்டால் என்னும் ஊரில் ஜோ காக்ஸ் என்ற பெண் எம்.பி.யை நடுத்தெருவில் சுட்டும் குத்தியும் கொன்றுவிட்டார்கள். 41 வயது, இரண்டு சின்னக் குழந்தைகள். நீடிக்க வேண்டும் என்று பேசிவந்தவர். இரு தரப்பும் சில நாட்கள் பிரசாரத்தை நிறுத்தினார்கள். எங்கள் ஓய்வறையில் அன்று யாரும் யாரோடும் வாதிடவில்லை.

எண்ணிக்கை நடந்த இரவில் நான் பணியில் இருந்தேன். நள்ளிரவு தாண்டிச் சற்று நேரத்தில் வட இங்கிலாந்து நகரமான சண்டர்லேண்டின் முடிவு வந்தது, 61 சதவீதம் வெளியேற. அதற்குப் பிறகு அக்கா தன் தொலைபேசியைப் பார்க்கவே இல்லை. விடிகாலை 4.40-க்கு வெளியேறும் தரப்பு வென்றதாக பிபிசி அறிவித்தது. நாடு முழுவதும் 51.9-க்கு 48.1. எங்கள் பாஸ்டனில் வெளியேற விரும்பியவர்கள் 75.6 சதவீதம், நாட்டிலேயே அதிகம். ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் லண்டனும் நீடிக்க வாக்களித்திருந்தன. காலையில் ஒரு மூதாட்டி படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "எங்கள் நாடு எங்களுக்குத் திரும்பி வந்துவிட்டது" என்று கண்ணீரோடு சொன்னார். அவர் சொன்னது அக்காவிடம்தான். அப்போது மூதாட்டிக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தவர் அக்காதான். அக்கா தலையணையைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தார். அந்தப் பாட்டிக்கு அக்கா மேல் துளியும் பகை இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் காட்சி இன்னும் என்னை விடவில்லை.

கேமரன் அன்று காலையே பதவி விலகப்போவதாக அறிவித்தார். வாரந்தோறும் ஒன்றியத்துக்குப் போகும் 35 கோடி பவுண்டை மருத்துவத் துறைக்குக் கொடுப்போம் என்ற பொருளில் சிவப்புப் பேருந்தில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்களே, அது தவறு என்று வெளியேற்றத்துக்காகப் பேசிய நைஜல் ஃபராஜே அன்று காலை தொலைக்காட்சியில் சொன்னார். அதை நம்பி வாக்களித்த இரண்டு உதவியாளர்கள் எங்கள் வார்டிலேயே இருக்கிறார்கள். மறுபடியும் வாக்கெடுப்பு வேண்டும் என்ற மனுவில் 40 லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்திருக்கிறது. நேற்று லண்டனில் பெரிய ஊர்வலம் நடந்தது. அது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோற்றோம் என்பதற்காகத் திரும்பக் கேட்டால், தங்களை யாரும் மதிப்பதில்லை என்ற பக்கத்து வீட்டுப் பெரியவரின் பேச்சு உண்மையாகிவிடும்.

என்னை வாட்டுவது வேறு. லண்டன் ஹாமர்ஸ்மித்தில் போலந்துக்காரர்களின் பண்பாட்டு மையத்து வாசலில் வசை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இங்கே பேருந்து நிறுத்தத்தில் அக்கா மகளோடு போலந்து மொழியில் பேசிக்கொண்டிருந்தபோது, ஒருவன் "எப்போது மூட்டை கட்டப்போகிறீர்கள்?" என்று கேட்டானாம். அன்றிலிருந்து அந்த எட்டு வயதுக் குழந்தை தெருவில் தாய்மொழியில் பேச மறுக்கிறாள். நாடெங்கும் பலர், உங்களுக்குத் துணையாக இருக்கிறோம் என்பதற்கு அடையாளமாகச் சட்டையில் ஊக்குக் குத்திக்கொள்கிறார்கள். நானும் குத்திக்கொள்கிறேன்.

லண்டனில் இருக்கும் அத்தை மகன் வெளியேறத்தான் வாக்களித்தானாம். ஐரோப்பியர் வரத்துக் குறைந்தால் நம் ஊர்ச் சமையல்காரர்களைப் போன்றவர்களுக்கு விசா எளிதாகக் கிடைக்கும் என்று அமைச்சர் பிரீத்தி பட்டேல் முதலானவர்கள் சொன்னதை நம்பினானாம். நமக்கு நல்லதுதானே என்கிறான். அக்கா கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு என்னால் அப்படி நினைக்க முடியாது என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று மாலை பெரியவர் வேலியருகே என்னைக் கூப்பிட்டு, "உன்னோடு வேலை செய்கிற அந்தப் பெண், அவள் இருப்பாள் அல்லவா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "நான் அவளைச் சொல்லவில்லையே" என்று இரண்டு முறை சொன்னார். அதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள் என்றேன். அடுத்த ஞாயிறு அக்காவும் மகளும் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள், அவரையும் அழைத்திருக்கிறேன். வருவதாக இன்னும் சொல்லவில்லை.

பணத்தைப் பற்றி ஒன்று. வாக்கெடுப்புக்கு முன் 100 ரூபாயாக இருந்த பவுண்டு இப்போது 90 ரூபாயை ஒட்டி நிற்கிறது. அதனால் இந்த மாதம் அனுப்பியது குறைவாகத் தெரியும். தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை முதலில் கட்டிவிடுங்கள். மீதிக்காக அம்மாவின் வளையலை அடகு வைக்க வேண்டாம். இரண்டு கூடுதல் இரவுப் பணி கேட்டிருக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்