டயப்பரை அளந்து வாங்குங்கள், வேளை பார்த்து மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மருந்துக்கடைக்குப் போய் "பெரியவங்க டயப்பர்" என்று கேட்டால், பெரும்பாலும் திரும்பி வரும் ஒரே கேள்வி "எம் சைஸா, எல் சைஸா?" என்பதுதான். நடப்பவருக்கா படுத்திருப்பவருக்கா, பகலுக்கா இரவுக்கா என்று கேட்பவர் குறைவு. வாங்குகிறவரும் கூச்சத்தில் கருப்புக் கவரை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். வீட்டில் அது ஒழுகுகிறது, தொடை இடுக்கு சிவக்கிறது, "இந்தக் கம்பெனி சரியில்லை" என்று அடுத்ததற்கு மாறுகிறார்கள். பல வீடுகளில் குறை கம்பெனியில் இல்லை. அணிபவரின் உடம்புக்கும் வேளைக்கும் பொருந்தாத ஒரே வகையை நாள் முழுக்கப் போட்டுவிடுவதில்தான் இருக்கிறது. டயப்பர் அணிகிறவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் சேர்ந்து, வாசகர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறோம்.

முதலில் அளவு. எம், எல் என்ற எழுத்தை நம்ப வேண்டாம்; கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். பாக்கெட்டில் அங்குலத்திலோ சென்டிமீட்டரிலோ போட்டிருக்கும் எண்தான் கணக்கு. தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் ஒரு சுற்று, புட்டம் அதிகம் புடைத்திருக்கும் இடத்தில் ஒரு சுற்று அளந்து, எது பெரிதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுகினால் உடனே ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது எல்லோரும் செய்கிற தவறு. பெரிய சைஸில் தொடையருகே இடைவெளி விழும். முன்பைவிட அதிகமாக ஒழுகும். படுக்கையில் விழுந்தவர்களுக்குத் தொடைச் சதை சீக்கிரம் வற்றும் என்பதால் மாதம் ஒருமுறை மறுபடி அளப்பது நல்லது.

அடுத்தது வகை. ஜட்டி போல மாட்டும் பேன்ட் டைப், எழுந்து நடமாடி, தானே கழிப்பறைக்குப் போக முயல்பவர்களுக்கு. பக்கத்துக்கு இரண்டு ஸ்டிக்கர் வைத்த ஒட்டும் டைப், படுத்திருப்பவர்களுக்கும் பேதி ஆகும் நாட்களுக்கும். இருமும்போது, தும்மும்போது கொஞ்சம் கசிகிற பெண்களுக்கும், புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பின் சொட்டுச் சொட்டாகப் போகிற ஆண்களுக்கும் முழு டயப்பரே தேவையில்லை. இறுக்கமான உள்ளாடைக்குள் வைக்கும் சிறுநீர் பேட் போதும். அதற்குப் பதிலாக மாதவிடாய் நாப்கின் வைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். மெதுவாக வரும் இரத்தத்துக்குச் செய்த பொருள் அது. திடீரென்று பாயும் சிறுநீரை அந்த வேகத்தில் வாங்காது, ஓரத்தில் வழியும்.

பேன்ட் டைப்பா, ஒட்டும் டைப்பா என்பதில் நம் பகுதிக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே புளோரைடு பாதிப்பைக் குறைக்கும் நோக்கோடு வந்ததுதான். பல ஆண்டுகள் அந்தக் கிணற்று நீரைக் குடித்த மூத்தவர்களில் சிலருக்கு முதுகும் இடுப்பு மூட்டும் கம்பாக விறைத்திருக்கும். எலும்பு வளர்ந்து தண்டுவடத்தை நெருக்கினால் கால் செயலிழப்பதோடு சிறுநீர்க் கட்டுப்பாடும் போகலாம். இவர்களால் குனிந்து, காலைத் தூக்கி, ஜட்டி போல மாட்ட முடியாது. நடப்பவராகவே இருந்தாலும் ஒட்டும் டைப்பைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றபடி இன்னொருவர் ஒட்டிவிடுவதுதான் அவர்களுக்கு வலியில்லாத வழி. "நடக்கிறாரே, பேன்ட் டைப் கொடுங்கள்" என்று கடையில் சொல்வதற்கு முன் அவரால் முழங்காலை எவ்வளவு உயர்த்த முடிகிறது என்று பாருங்கள்.

எவ்வளவு உறிஞ்சும் வகை வேண்டும் என்பதை விளம்பரம் சொல்லாது, தராசு சொல்லும். சமையலறை டிஜிட்டல் தராசில் காய்ந்த டயப்பரை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். கழற்றியதும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். ஒரு கிராம் கூடுதலை ஒரு மில்லி சிறுநீர் என்று வைத்துக்கொள்ளலாம். காய்ந்தது 110 கிராம், கழற்றியது 530 கிராம் என்றால் 420 மில்லி போயிருக்கிறது. மாற்றிய நேரத்தையும் எடையையும் மூன்று நாள் எழுதினால் போதும், எந்த வேளையில் வெள்ளம், எந்த வேளையில் வறட்சி என்று தெரிந்துவிடும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் சாதாரணமாக ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை போகும். அது எல்லா வேளைக்கும் சமமாகப் பிரிந்து போவதில்லை.

குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சோதிப்பது ஏமாற்றும். உள்ளே இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்கள் வெறும் தண்ணீரை மிக அதிகமாக உறிஞ்சும். உப்புள்ள சிறுநீரை அதில் ஒரு சிறு பங்குதான் உறிஞ்சும். அதோடு மேலே ஒரு ஆள் உட்கார்ந்து அழுத்தும்போது அந்த அளவும் குறையும். பாக்கெட்டில் போட்டிருக்கும் மில்லி கணக்கை அப்படியே நம்பி "இன்னும் இடம் இருக்கிறது" என்று விட்டுவைக்கக் கூடாது.

கனமான வகையை இரவுக்கு வைத்துக்கொள்வது பொதுவாகச் சரி. ஆனால் இதய நோய்க்கோ கால் வீக்கத்துக்கோ நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கதை வேறு. காலை எட்டு மணிக்கு மாத்திரை என்றால், அதற்குப் பின் வரும் ஐந்தாறு மணி நேரத்தில்தான் பெருமளவு போகும். கனமான டயப்பரை அந்த வேளைக்குப் போட வேண்டும். கால் வீங்கியவர்கள் படுத்தவுடன் அந்த நீர் இரத்தத்தில் திரும்பி இரவில் சிறுநீராக வரும். பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் இரவுச் சுமை குறையும். டயப்பர் செலவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்களைப் பார்க்கிறோம். தயவுசெய்து செய்யாதீர்கள். கெட்டியான சிறுநீர், சிறுநீர்ப்பையை உறுத்தி இன்னும் அடிக்கடி வரச் செய்யும், மலச்சிக்கலும் கிருமித் தொற்றும் சேர்ந்துகொள்ளும். குறைப்பதென்றால் மாலைக்குப் பிறகு காபி, டீயைக் குறையுங்கள்.

ஒழுகுகிறதே என்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் போடுவதால் பயனில்லை. உள்ளே இருப்பதன் வெளிப்பக்கம் நீர் புகாத தாள்; நிறைந்ததும் பக்கவாட்டில்தான் வழியும், வெளி டயப்பர் பாதி காய்ந்தே கிடக்கும். சூடு மட்டும் கூடும். இதற்கென்றே பூஸ்டர் பேட் என்று பின்தாள் இல்லாத பேட் உண்டு. நிறைந்தால் கீழே இறக்கிவிடும். நம் பக்கத்துக் கடைகளில் அது கிடைப்பது அரிது. அகப்படாவிட்டால் சாதாரண சிறுநீர் பேடின் பின்பக்கத் தாளில் நான்கைந்து இடத்தில் சிறிதாகக் கீறிவிட்டு உள்ளே வைக்கலாம்.

சரியான பொருளை வாங்கியும் ஒழுகினால் போடும் விதத்தைப் பாருங்கள். டயப்பரை விரித்தால் நடுவில் இரு பக்கமும் மெல்லிய துணி மடிப்பு நீளவாக்கில் படுத்திருக்கும். அந்த இரண்டையும் விரலால் நிமிர்த்தி நிற்க வைக்க வேண்டும். பக்கவாட்டு ஒழுகலைத் தடுப்பது அதுதான். போடுவதற்கு முன் டயப்பரை நீளவாக்கில் பாதியாக மடித்து ஒருமுறை இழுத்துவிட்டால் நடுவில் வாய்க்கால் போல ஒரு பள்ளம் விழும், மடிப்பும் தானாக எழும். படுத்தவரை ஒருக்களித்துத் திருப்பி, முதுகுப் பக்கத்தை இடுப்புவரை ஏற்றி வைத்து, மல்லாத்தி, முன்பக்கத்தைக் கால்களுக்கு இடையே கொண்டுவந்து பரப்புங்கள். கீழ் ஸ்டிக்கரை முதலில், சற்று மேல்நோக்கி. மேல் ஸ்டிக்கரைச் சற்றுக் கீழ்நோக்கி. இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஆண்களுக்கு உறுப்பைக் கீழ்நோக்கி வைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். மேல்நோக்கி இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் வயிற்றுப் பக்கம் வழியும். ஸ்டிக்கர் பிடிக்கவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் விரலில் இருக்கும் தேங்காய் எண்ணெயும் பவுடரும்தான்.

கழற்றும்போது பேன்ட் டைப்பைக் கீழே உருவாதீர்கள். இரு பக்கத் தையலையும் கிழித்து எடுங்கள், மலம் காலில் பூசாது. தொடையிடுக்கில் பவுடர் கொட்ட வேண்டாம். ஈரத்தில் கட்டியாகி உராயும். மிதமான நீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, துத்தநாக ஆக்சைடு கிரீமை மெல்லியதாக மட்டும் தடவுங்கள். வாசலின் அப்பினால் டயப்பரின் மேல்துணி அடைபட்டு உறிஞ்சாது. மலம் பட்டால், டயப்பரின் வெளிப்பக்கம் ஈரத்தைக் காட்டும் மஞ்சள் கோடு நிறம் மாறும்வரை காத்திருக்காமல் உடனே மாற்ற வேண்டும்; மலமும் சிறுநீரும் சேர்ந்தால் தோலை மிக வேகமாக அரித்துவிடும். சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. துத்தநாக கிரீமால் போகாது, மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த டயப்பரும் படுக்கைப் புண்ணைத் தடுக்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதை அது ஈடு செய்யாது.

சேமிப்புக்கு வருவோம். பகலில் மூன்று, இரவில் ஒன்று என்றால் மாதம் 120. அத்தனையும் ஒரே வகையாக வாங்காமல், பகலுக்கு 90 சாதாரண பேன்ட் டைப், இரவுக்கு 30 கனமான ஒட்டும் டைப் என்று பிரித்தால் செலவும் குறையும், தோலும் பிழைக்கும். அதோடு பேதி, காய்ச்சல் நாட்களுக்கென்று ஒட்டும் டைப் ஒரு பாக்கெட்டைத் தொடாமல் தனியே வையுங்கள். நடப்பவருக்கும் அந்த நாட்களில் அதுதான் உதவும். பத்து நாள் கையிருப்பு மிச்சம் இருக்கும்போதே அடுத்த வாங்கலைச் செய்யுங்கள். அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், சித்தேரி போன்ற மலையூர்களில் இருப்பவர்கள் ஒரு மாதக் கையிருப்பு வைத்தால்தான் மழைக்காலத்தில் தவிக்க வேண்டியிருக்காது. புதுக் கம்பெனி என்றால் முதலில் சின்னப் பாக்கெட். இரண்டு இரவு தாக்குப்பிடித்த பிறகே பெட்டி.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ வெயில் விழும் பரணிலோ வைத்தால் பசை கெட்டு, ரப்பர் தளர்ந்துவிடும். தரையில் வைத்தால் ஈரம் இழுத்து உள்ளே கட்டியாகும், எலியும் கடிக்கும். மூடியுள்ள தகர டிரம் நல்ல இடம். தருமபுரி ஏப்ரல், மே வெயிலில் வெளிப்பக்கம் பளபளக்கும் பிளாஸ்டிக் வகையைத் தவிர்த்து, துணி போல மெத்தென்று இருக்கும் காற்றோட்ட வகையை வாங்குங்கள். பெங்களூருக்கோ சேலத்துக்கோ ஆஸ்பத்திரிப் பயணம் என்றால் நடப்பவர்களும் ஒட்டும் டைப் அணிவது வசதி. பேருந்து நிலையக் கழிப்பறையின் ஈரத் தரையில் பேன்ட்டையும் செருப்பையும் முழுக்கக் கழற்றாமலே மாற்றலாம். தொப்பூர் கணவாயில் வண்டி நின்றுவிட்டால் எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. கிளம்பும்போது புதிதாகப் போட்டு, மாற்றுக்கு இரண்டு கையில் வைத்திருங்கள்.

பயன்படுத்தியதை எரிக்கக் கூடாது, கழிப்பறைக் குழியில் போடக் கூடாது. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, உருட்டி அதன் ஸ்டிக்கராலேயே ஒட்டி, செய்தித்தாளில் சுற்றி, தூய்மைக் காவலரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள், சுற்றிப் போட உறையைத் தயாரிப்பாளரே தர வேண்டும் என்றன. உறையோடு வரும் பெரியவர் டயப்பர் பாக்கெட்டைக் கடையில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அரசிடமும் கடைக்காரர்களிடமும் சில வேண்டுகோள்கள். மாதவிடாய் நாப்கினுக்கு 2018 ஜூலையிலேயே ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. டயப்பருக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமானது. நோயால் அணிகிறவர்களுக்கு அதையும் நீக்குவதே நியாயம். வீடு தேடிச் சிகிச்சை தரும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்காக வீடு தேடி வரும் செவிலியர்கள் கையில் ஒரு தையல் டேப்பும், மாதம் ஒரு கட்டு டயப்பரும், படுக்கையில் விரிக்கும் அண்டர்பேடும் இருந்தால் படுக்கையில் இருப்பவர்களுக்குப் பேருதவி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டிலேயே இடுப்பளவும் டயப்பர் வகையும் எழுதித் தரலாம். மருந்துக்கடைக்காரர்கள் ஒவ்வொரு வகையிலும் ஒரு பாக்கெட்டைப் பிரித்து, இரண்டு இரண்டாக உதிரியில் விற்க வேண்டும். பத்து டயப்பர் உள்ள பாக்கெட்டைப் பிரித்த பிறகுதான் சைஸ் சரியில்லை என்று தெரிகிறது. பிரித்த பாக்கெட்டைத் திருப்பி எடுப்பார் யாரும் இல்லை.

இப்படிக்கு,
டயப்பர் அணிவோரும் பராமரிப்போரும் சிலர்,
தருமபுரி.