மேற்கு மாம்பலத்தில் ஆம்புலன்ஸ் திரும்ப இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னைக்கான புதிய வாகன நிறுத்தக் கொள்கை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். கார் வாங்குபவர் அதை நிறுத்த இடம் இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும் என்ற யோசனை நல்லதுதான். ஆனால் உட்புறத் தெருக்களின் நெரிசலுக்குக் குடியிருப்பவர்களின் அலட்சியமே காரணம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

நான் மேற்கு மாம்பலத்தில் பிறந்து வளர்ந்தவன். என்னிடம் சைக்கிள் தவிர வேறு வண்டி கிடையாது. தி.நகருக்குத் துணி எடுக்க வருபவர்கள் வண்டியை எங்கள் தெருக்களில் விட்டுவிட்டு, ரயில் நிலையத்தைத் தாண்டி ரங்கநாதன் தெருவுக்குப் போகிறார்கள். 2023இல் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைமேம்பாலம் திறந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது. பண்டிகை நாட்களில் சொல்லவே வேண்டாம்.

போன ஐப்பசியில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. 108 வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. முனையில் ஒரு கார், எதிரே இரண்டு பைக்குகள், வளைக்க வழியில்லை. ஸ்ட்ரெச்சரை உருட்டவும் இடம் இல்லாததால், கார் கண்ணாடிகளில் இடிக்காமல் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆக்சிஜன் சிலிண்டரோடு நான் பின்னால் ஓடினேன். அம்மா பிழைத்துவிட்டார். இதில் எங்கள் அலட்சியம் எது என்று தாங்களே சொல்லுங்கள்.

பெரிய கடைகள் வரைபடத்தில் அடித்தளத்தை வாகன நிறுத்தம் என்று காட்டி அனுமதி வாங்குகின்றன. அப்புறம் அங்கே மூட்டை மூட்டையாகச் சரக்கு இறங்குகிறது. நான் போன ஒரு கடையின் வாசலில் காவலாளி, "உள்ளே இடமில்லை சார், தெருவில் விடுங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். விதியை மீறிக் கட்டியவர்களுக்கு நகர், ஊரமைப்புச் சட்டத்தின் 113ஏ பிரிவு, பிறகு 2007 ஜூலைக்கு முன் கட்டியவற்றுக்கு 113சி என்று பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ள அரசே வழி செய்து கொடுத்தது. 2017இல் உஸ்மான் சாலை ஜவுளிக்கடைத் தீயை அணைக்க ஒரு நாளுக்கு மேல் ஆனதைத் தங்கள் பத்திரிகையே பக்கம் பக்கமாக எழுதியது. அதற்குப் பிறகும் எங்கள் பக்கம் எதுவும் மாறவில்லை.

சாலைச் சந்திப்பிலும் வளைவிலும் வண்டி நிறுத்தக் கூடாது என்று 1989 சாலை விதிகளிலேயே இருந்தது; அவற்றுக்குப் பதிலாக 2017இல் வந்த விதிகளிலும் இருக்கிறது. அதை எங்கள் தெருவில் அமல்படுத்திய ஒருவரை நான் கண்டதில்லை. புதுக் கொள்கை வரும்போது வரட்டும். அதுவரை, ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களின் முனைகளில் மாநகராட்சி மஞ்சள் கோடு போட்டு, ஒரு 'நோ பார்க்கிங்' பலகை வைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் தங்கள் நிருபரையும் இங்கே அனுப்பி வையுங்கள். தெருமுனையை நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
மேற்கு மாம்பலம், சென்னை-33.