அந்த 394-ஆவது சீட்டு யாருடையது?

அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தாருக்கும், கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேம் நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம். சியாட்டிலிலிருந்து எழுதுகிறேன். 2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, ஜப்பானிலிருந்து வந்து எங்கள் சியாட்டில் மரைனர்ஸ் அணிக்கு ஆடிய இச்சிரோவின் 51-ஆம் எண்ணுக்கு, இனி அணியில் யாரும் அதைப் போடாதபடி, இங்கே மைதானத்தில் ஓய்வு கொடுத்தார்கள். மேல் தட்டில் உட்கார்ந்து கைதட்டிக் கை சிவந்துபோய் வீட்டுக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். சந்தோஷமாகத்தான் வந்தேன். ஆனால் ஜனவரியிலிருந்து தொண்டையில் சிக்கிக்கொண்டிருக்கும் மீன்முள் அன்றைக்கும் போகவில்லை. அதனால்தான் இந்த மடல்.

விஷயம் உங்களுக்குத் தெரியும், விளக்க வேண்டியதில்லை. பேஸ்பாலின் சாதனையாளர் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவரைத் தேர்ந்தெடுக்க ஜனவரியில் எழுத்தாளர்கள் போட்ட ஓட்டு. 394 சீட்டு. 393-இல் அவர் பெயர். 99.7 சதவீதம். ஒரே ஒருவர் டிக் போடவில்லை, அந்த ஒருவர் யார் என்று இன்று வரை தெரியவில்லை.

முடிவு வந்தபோது இச்சிரோ என்ன செய்தார் என்பதும் தெரியும். எனக்கு ஓட்டுப் போடாத அந்த ஒருவரை வீட்டுக்குக் கூப்பிடுகிறேன், சேர்ந்து ஒரு கிளாஸ் குடிப்போம் என்றார். யாரும் வரவில்லை. ஜூலை 27-ஆம் தேதி கூப்பர்ஸ்டவுன் மேடையில், தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் பேசும்போது, அந்த அழைப்பு இப்போது காலாவதியாகிவிட்டது என்று சொன்னார். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. டிவி முன்னால் நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது: ஆறு மாதம் ஆகியும் ஒரு மனிதர் வாய் திறக்கவில்லை, அதை ஜோக்காக்கி முடித்துவைக்கும் வேலையும் கடைசியில் ஆட்டக்காரர் தலையிலேயே விழுந்திருக்கிறது.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். 394 சீட்டையும் பெயரோடு வெளியிடுங்கள். இனி வரும் ஆண்டுகளிலும் அப்படியே செய்யுங்கள். அந்த ஒருவருக்குத் தண்டனை வேண்டும், ஓட்டுரிமையைப் பறிக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. பெயரும், முடிந்தால் ஒரு வரியில் காரணமும் போதும்.

நான் யார் என்று கேட்டால், யாருமில்லை. 2007-இல் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவன், அதுவரை கிரிக்கெட்டைத் தவிர எந்த ஆட்டமும் தெரியாது. கூட வேலை பார்த்தவர் இழுத்துக்கொண்டு போனார். மலிவான டிக்கெட், ரைட் ஃபீல்டு பக்கம். ஸ்ட்ரைக், பால் எதுவும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்தவனுக்கு, கீழே நின்ற அந்த ஒல்லி மனிதர் மட்டும் உடனே புரிந்தார். பவுண்டரியிலிருந்து நேராக ஸ்டம்புக்கு வரும் த்ரோவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது போதாதா?

அந்த வருஷங்களில் மரைனர்ஸ் ரசிகனாக இருப்பது என்ன பாடு என்று, ஆட்டத்தைப் பற்றி எழுதிப் பிழைக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இச்சிரோ வந்த 2001-இல் 116 வெற்றி. 2008-இலும் 2010-இலும் தலா 101 தோல்வி. செப்டம்பர் மாத வார நாள் ராத்திரி, எலும்புக்குள் இறங்கும் குளிர், எட்டாவது இன்னிங்ஸ், ஏழு எட்டு ரன் பின்னால். பாதிக்கு மேல் நாற்காலிகள் காலி. பாப்கார்ன் விற்கிற பையனே வேலையை விட்டுவிட்டு ஆட்டத்தைப் பார்க்கிறான், அவனும் கொட்டாவி விடுகிறான். கீழே ரைட் ஃபீல்டில் அவர் மட்டும் ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் குனிந்து, காலை அகட்டி, ஒரு தோளை முன்னால் திருப்பி, மறு தோளைத் திருப்பி, இப்போதுதான் முதல் பந்து விழப்போகிறது என்பதுபோல உடம்பைத் தயார்ப்படுத்திக்கொண்டிருப்பார். யாருக்காக என்று கேட்கத் தோன்றும். ஜெயிக்க வழியில்லை, டிவியில் எங்கள் ஊரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அடுத்த பந்தில் ஃபவுல் கோட்டைத் தாண்டி ஓடி, சுவரோடு ஒட்டி ஒரு கேட்ச் பிடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய இடத்துக்கு வந்து மறுபடி தோளைத் திருப்பத் தொடங்குவார்.

எங்களுக்கு மிஞ்சியது அவருடைய கணக்கு மட்டும்தான். ரைட் ஃபீல்டு பக்கம் ஒரு பெண்மணி அவருடைய ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஓடி முதல் பேஸையாவது பத்திரமாக எட்டுவது) எண்ணிக்கையைப் பலகையில் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருப்பார். அணி எத்தனை தோற்றது என்பதை விட்டுவிட்டு அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். 101 தோற்ற 2010-இலும் 214 ஹிட். தொடர்ந்து பத்தாவது ஆண்டாக 200-க்கு மேல். வெறும் சிங்கிள்தானே, கிட்டத்திலேயே உருட்டிவிட்டு ஓடுகிறார் என்று உங்களில் சிலர் அப்போதே எழுதினீர்கள். ஹோம் ரன் அடிக்கத் தெரியாதவர் என்றீர்கள். அந்தக் கேலியெல்லாம் மறந்துபோயிருந்தது. ஜனவரியில் அந்த 393 என்ற எண்ணைப் பார்த்ததும் மொத்தமாகத் திரும்பி வந்தது.

2019 மார்ச் 21. டோக்கியோ டோமில் சாயங்காலம் என்றால் எங்களுக்கு விடியற்காலை இரண்டரை மணி. அலாரம் வைத்து எழுந்து, ஹாலில் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். 45 வயது. முந்தின நாள் ஆட்டத்தையும் சேர்த்து ஒரு ஹிட் கூட இல்லை. எட்டாவது இன்னிங்ஸில் ஷார்ட் ஸ்டாப்புக்கு ஒரு பந்து உருண்டது, அவர் ஓடினார், அந்த ஓட்டத்தைப் பார்த்து என்னையறியாமல் நானும் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு மயிரிழையில் அவுட். பத்து வருஷம் முன்னால் என்றால் அது நிச்சயம் ஹிட். அப்புறம் பழையபடி ரைட் ஃபீல்டுக்கு ஓடிப்போய் நின்றார், உள்ளே வரச் சொன்னார்கள், மொத்த அணியும் திரும்பி வந்து ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டது. அன்றுதான் மரைனர்ஸுக்காகத் தன் முதல் ஆட்டத்தில் பந்து வீசியிருந்த இன்னொரு ஜப்பானியர் கிக்குச்சி தேம்பித் தேம்பி அழுதார். ஆட்டம் 12 இன்னிங்ஸ் வரை இழுத்து முடிந்த பிறகும் டோக்கியோ கூட்டம் கலையவில்லை. அவர் மறுபடி வெளியே வந்து சுற்றி நடந்து எல்லாருக்கும் கையசைத்த பிறகுதான் வீட்டுக்குப் போனார்கள்.

அதோடு முடியவில்லை, நான் சொல்ல வந்ததே அதற்கு அடுத்தது. அன்று நள்ளிரவு வாக்கில் பத்திரிகையாளர் சந்திப்பில் வந்து உட்கார்ந்தார். 85 நிமிடம். ஆடிய உடம்பு, 45 வயது, ஆட்ட வாழ்க்கையையே முடித்துக்கொண்ட ராத்திரி. கேள்வி தீரும் வரைக்கும் பதில் சொன்னார். கேட்டவர்கள் யார்? உங்கள் தொழில்காரர்கள்தான்.

அந்த மனிதருக்கு உங்கள் ஆள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டாரா?

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாகிவிட்டது. நியாயமாகவே யோசித்துப் பார்த்தேன். ஒரு சீட்டில் அதிகபட்சம் பத்துப் பெயர்தான். இச்சிரோ எப்படியும் வந்துவிடுவார், கடைசி வாய்ப்பில் இருக்கிறவருக்கோ, அடுத்த வருஷப் பட்டியலில் நீடிக்க 5 சதவீதத்துக்குத் தவிக்கிறவருக்கோ இந்த ஓட்டைப் போடுவோம் என்று ஒருவர் நினைத்திருக்கலாம். நினைத்திருந்தால் தப்பே இல்லை. அதைச் சொன்னால் நான் முதல் ஆளாக ஒப்புக்கொள்வேன், அவருக்கு ஒரு காபியும் வாங்கிக் கொடுப்பேன். அமெரிக்காவில் ஆடியதை மட்டும்தான் கணக்கில் எடுப்பேன், வந்தபோதே 27 வயது, எனக்குப் போதவில்லை என்று நினைத்தாரா? 3,089 ஹிட்டை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும், ஆனாலும் அதுவும் ஒரு கட்சிதான், வாதாடலாம். இல்லை, பேனாவில் மை தீர்ந்துவிட்டதா? நாய் கத்தியதா, அடுப்பில் பால் பொங்கியதா, டிக் போடுகிற நேரத்தில் எழுந்து போய்விட்டாரா? எதுவானாலும் சரி. காரணம் தெரியாதபோது மனசு மோசமான காரணத்தைத்தான் முதலில் எடுத்துவைக்கிறது. எங்களை மாதிரி, அவரை மாதிரி, வேறு முகமும் வேறு பேச்சுமாக இந்த நாட்டுக்கு வந்தவர்களுக்கு அது என்ன காரணமாகத் தோன்றும் என்று நான் எழுத வேண்டாம். அது பொய்யாகவே இருக்கலாம். பொய்யென்று சொல்லவாவது ஒருவர் வாயைத் திறக்க வேண்டாமா?

இது இச்சிரோவுக்கு மட்டும் நடந்ததில்லை. 1936-இல் பேப் ரூத் பெயரை 11 பேர் எழுதவில்லை. 1979-இல் வில்லி மேஸை 23 பேர் விட்டார்கள். ஹாங்க் ஆரனை 9 பேர். கிரிஃபியை 3 பேர். 2020-இல் ஜீட்டரை ஒருவர், அவரும் ஊமையாகவே இருந்துவிட்டார். நூற்றுக்கு நூறு வாங்கியது 2019-இல் மரியானோ ரிவேரா மட்டும். வில்லி மேஸ் பேஸ்பால் ஆட லாயக்கில்லை என்று முடிவெடுத்த 23 நிபுணர்களும் மறுநாள் காலையில் எழுந்து தங்கள் பத்தியை எழுதினார்கள், ஜனங்களும் அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. கேட்சை விட்டவன் தோற்ற ராத்திரியில் லாக்கர் முன்னால் நின்று உங்கள் மைக்குகளுக்குப் பதில் சொல்லாமல் போனால், ஓடி ஒளிந்தான் என்று எழுதுகிறவர்கள் யார்? 22 வயதுப் பையனைக் கூட விடமாட்டீர்கள். அந்த விதி உங்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லாது போலிருக்கிறது.

சங்கத்தாரே, உங்களை மட்டும் சொல்வது சரியில்லை என்பதும் எனக்குத் தெரியும். 2016 டிசம்பரில் நீங்களே கூடி, எல்லாச் சீட்டையும் வெளியிடுவோம் என்று 80-க்கு 9 என்ற கணக்கில் தீர்மானம் போட்டீர்கள். மறு வருஷம் ஹால் ஆஃப் ஃபேம் நிர்வாகம் அதை ஏற்கவில்லை. விருப்பமுள்ளவர் காட்டலாம், மற்றவர் மூடிக்கொள்ளலாம் என்றே போய்க்கொண்டிருக்கிறது. உங்களில் பெரும்பாலோர் காட்டுகிறீர்கள், அதற்கு நன்றி. எங்கள் ஊர்க் கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர் பத்து ரூபாய் வைத்தவர் பெயரையும் ஊரோடு சேர்த்து நோட்டில் எழுதுவார். நிர்வாகத்தாரே, அந்த நோட்டை ஏன் பூட்டிவைக்கச் சொல்கிறீர்கள்?

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே ஜனவரியில் ஜப்பான் ஹால் ஆஃப் ஃபேமுக்கும் அவர் தேர்வானார், அங்கே 349 பேரில் 26 பேர் அவருக்குப் போடவில்லை. அது எனக்கு ஏன் இப்படி உறுத்தவில்லை என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லத் திணறினேன். 26 பேர் என்றால் ஏதோ ஒரு கருத்து இருக்கிறது, ஒருவர் என்றால் வேண்டுமென்றே செய்தது மாதிரி இருக்கிறது என்று சமாளித்தேன். "அவரே நல்லதுன்னு சொல்லிட்டாரு, உனக்கு என்ன? திருஷ்டிப் பொட்டுன்னு வச்சுக்கோ" என்றாள். உண்மைதான், அவரே சொன்னார், ஒரு ஓட்டுக் குறைந்தது நல்லதுதான், மனிதன் குறையுள்ளவன், அதனால்தான் மேலே மேலே முயல்கிறான் என்கிற பொருளில்.

அவர் அப்படித்தான் சொல்வார். ஜப்பான் அரசின் மக்கள் கௌரவ விருதையே 2001, 2004, 2019 என்று மூன்று தடவை வேண்டாம் என்றவர். சியாட்டிலுக்கு வந்தபோது 51 எண் முன்னால் இங்கே ஆடிய ராண்டி ஜான்சன் போட்டிருந்தது என்பதால், அந்த எண்ணுக்கு அவமானம் வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று அவருக்குச் செய்தி அனுப்பியவர். நியூயார்க் அணிக்குப் போனதும், அங்கே 51 பெர்னி வில்லியம்ஸுடையது என்று 31-ஐப் போட்டுக்கொண்டார். ஜார்ஜ் சிஸ்லர் 1920-இல் ஒரே சீசனில் அடித்த 257 ஹிட் சாதனையை 2004-இல் 262 அடித்துத் தாண்டினார். ஐந்து வருஷம் கழித்து ஆல் ஸ்டார் ஆட்டத்துக்காக செயின்ட் லூயிஸ் போனபோது, மனைவியோடு சிஸ்லரின் கல்லறையைத் தேடிப்போய்ப் பூ வைத்துவிட்டு வந்தார். தன் கையுறையைத் தானே துடைத்து எண்ணெய் போடுகிறவர். உங்கள் கூப்பர்ஸ்டவுனுக்கே, தேர்வாவதற்கு முன்னால் ஏழு தடவை சாதாரணமாக வந்து பழைய மட்டைகளைப் பார்த்துவிட்டுப் போனவர். அங்கே வைத்திருக்கிற பொருள்களின் மேல் உங்கள் வாக்காளர்களில் எத்தனை பேருக்கு அந்த மரியாதை இருக்கும் என்று தெரியவில்லை. (சரி, இது வேண்டாத வார்த்தை. இருக்கட்டும்.)

அவர் மன்னித்துவிட்டார் என்பதற்காக நாங்கள் கேட்காமல் இருக்க முடியாது. தோல்வி ராத்திரிகளில் அந்தப் பலகையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். அடுத்த சீட்டுகள் நவம்பரில் தபாலில் போகும், டிசம்பர் 31-க்குள் திரும்பி வரும். அதற்கு முன்னால் நிர்வாகக் குழு ஒரு தடவை கூடி, 2017-இல் மறுத்ததை மாற்றிக்கொண்டு, எல்லாச் சீட்டையும் பெயரோடு வெளியிட ஒப்புக்கொள்ள வேண்டும். சங்கத்தார் அதை மீண்டும் வலியுறுத்த வேண்டும். பழைய சீட்டுகளைத் தோண்ட விதி இடம் கொடுக்காது என்றால், அந்த 394-ஆவது ஆளுக்காவது தனியாக ஒரு கடிதம் போட்டு, பெயரைச் சொல்வீர்களா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இச்சிரோ இன்றும் ஆட்ட நாள்களில் மரைனர்ஸ் சீருடை போட்டுக்கொண்டு சின்னப் பையன்களுக்குப் பந்து வீசிக்கொண்டு இங்கேதான் இருக்கிறார். காலாவதி என்று அவர் சொன்னது வேடிக்கைக்குத்தான் என்று நினைக்கிறேன், வந்து கதவைத் தட்டினால் துரத்த மாட்டார்.

இப்படிக்கு,
ரைட் ஃபீல்டு மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்திருந்த ஒருவன்,
சியாட்டில்