பகடை உருட்டினால் சூதாட்டமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வீடியோ விளையாட்டுகளில் மூழ்கிக் கிடப்பதைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் படித்தேன். அவருடைய கவலையில் பாதியை நானும் ஏற்கிறேன். ஆனால் கடிதத்தின் நடுவே ‘மரியோ பார்ட்டி’ என்னும் விளையாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதில் பகடையும் காசும் இருப்பதால் அது சிறுவர்களைச் சூதாட்டத்திற்குப் பழக்குகிறது என்று அவர் எழுதியிருப்பதை, அந்த விளையாட்டை அருகிலிருந்து பார்த்த எவராலும் ஒப்புக்கொள்ள இயலாது. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்ற முறையிலும், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புகளில் பேரப்பிள்ளைகளோடும் அண்டை வீட்டுச் சீன, மலாய்ப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து அதை ஆடியவள் என்ற முறையிலும் சில விவரங்களைத் தங்கள் வாசகர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

இது என்ன விளையாட்டு என்பதை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்திற்காக ஹட்சன் சாஃப்ட் என்னும் நிறுவனம் உருவாக்கிய முதல் ‘மரியோ பார்ட்டி’, 1998 டிசம்பரில் நிண்டெண்டோ 64 என்னும் வீடியோ விளையாட்டுக் கருவிக்காக வெளிவந்தது. அதிலிருந்து 2024 அக்டோபரில் வந்த ‘சூப்பர் மரியோ பார்ட்டி ஜம்போரி’ வரை கருவிகள் பலமுறை மாறியும், இடையே ஒரு தடுமாற்றம் நேர்ந்தும், அடிப்படை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. தொலைக்காட்சித் திரையில் ஒரு பலகை விரிகிறது. நால்வர் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, முறை வைத்துப் பகடை உருட்டிக் கட்டம் கட்டமாக நகர்கிறார்கள். நீலக் கட்டத்தில் நின்றால் 3 நாணயங்கள் சேரும், சிவப்புக் கட்டத்தில் நின்றால் 3 நாணயங்கள் போகும். நால்வரும் நகர்ந்து முடித்ததும் குறுவிளையாட்டு ஒன்று வரும். குதிப்பது, எண்ணுவது, நினைவில் வைத்திருப்பது, எதிராளியை ஊகிப்பது என்று எதுவாகவும் அது இருக்கலாம். வென்றவருக்கு 10 நாணயங்கள். பெரும்பாலான பதிப்புகளில் 20 நாணயங்களைக் கொடுத்தால் ஒரு நட்சத்திரம் கிடைக்கும்; வாங்கிய மறுகணமே அது பலகையின் வேறொரு மூலைக்குப் போய்விடும். குறித்த சுற்றுகள் முடியும்போது அதிக நட்சத்திரங்களை வைத்திருப்பவரே வெற்றியாளர்.

இதைப் படிக்கும்போது பெரியவர்களுக்குப் பரமபதமும் தாயமும் நினைவுக்கு வந்திருக்கும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பாட்டிமார்கள் பரமபதம் ஆடியதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பகடை உருட்டுவது பாவம் என்று யாரும் சொன்னதில்லை. ஏணியில் ஏறினவர் பாம்பின் வாயில் விழுந்து கீழே வருவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். ஜப்பானியர்களுக்கும் இதே வகையில் ‘சுகோரோகு’ என்றொரு பழைய விளையாட்டு உண்டு. புத்தாண்டுக் காலத்தில் குடும்பமாக அமர்ந்து ஆடுவது அவர்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தைத் திரைக்குக் கொண்டுவருவதில் ஹட்சன் சாஃப்டுக்கு முன்பே கைப்பழக்கம் இருந்தது. ஜப்பானின் இரயில் நிலையங்களைப் பகடை உருட்டிச் சுற்றிவரும் ‘மோமோதாரோ தென்தெட்சு’ என்னும் விளையாட்டை அவர்கள் 1988இலேயே வெளியிட்டார்கள். ஹட்சனைத் தன்னோடு இணைத்துக்கொண்ட கொனாமி நிறுவனம், அந்த இரயில் விளையாட்டின் கல்விப் பதிப்பு ஒன்றை 2023இல் ஜப்பானியப் பள்ளிகளுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது. மலேசியாவின் வடக்கே பாடாங் பெசாரிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை இரயில் நிலையங்களையும் ஊர்களின் விளைபொருள்களையும் வைத்து இப்படியொன்றை நம் நாட்டில் யாரேனும் செய்தால், உள்ளூர் ஆய்வுப் பாடம் நடத்திய என்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. அது வேறு கடிதத்திற்கான பொருள்.

சூதாட்டக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அந்த வாசகருக்குச் சாதகமான ஒரு செய்தியை நானே எடுத்துத் தருகிறேன்: நிண்டெண்டோ, 1889இல் கியோட்டோ நகரில் ‘ஹனாஃபுடா’ என்னும் பூச்சீட்டுகளைச் செய்து விற்பதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம், அந்தச் சீட்டுகள் சூதாட்டத்திற்கும் பயன்பட்டன. இருந்தும், ‘மரியோ பார்ட்டி’யில் புழங்கும் நாணயத்தை யாரும் கைக்காசு கொடுத்து வாங்க முடியாது, ஆட்டம் முடிந்ததும் அந்த நாணயத்திற்கு எந்தப் பண மதிப்பும் கிடையாது. தோற்ற பிள்ளை இழப்பது ஒரு மணி நேரத்தையும் கொஞ்சம் பெருமையையும் மட்டுமே. பணத்தைச் சுரண்டும் விளையாட்டுகள் வேறு வகை. கைப்பேசியில் இலவசமாக இறங்கி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பரிசுப்பெட்டியை உண்மைப் பணத்திற்கு விற்று, வேண்டியது கிடைக்கவில்லை என்றால் மறுபடி வாங்கு என்று தூண்டும் விளையாட்டுகளே பெற்றோரின் கண்காணிப்புக்கு உரியவை. பெல்ஜியத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம், 2018இல் பிரபலமான சில விளையாட்டுகளில் இருந்த அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்திற்குப் புறம்பானவை என்று அறிவித்தது. அந்த விளையாட்டுகளில் பலவற்றில் பகடையே கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

என் கருத்தில், அந்த வாசகர் குறையாகக் கருதும் அதிர்ஷ்டமே இந்த விளையாட்டின் பெரும் பயன். சதுரங்கத்தில் தேர்ந்த ஒன்பது வயதுப் பிள்ளையும் அதன் பாட்டியும் எதிரெதிரே அமர்ந்தால் ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். மறுநாளும் அதே முடிவுதான். மூன்றாம் நாள் பாட்டி அமர மாட்டார். பந்தய வண்டி ஓட்டும் விளையாட்டிலும் சுடும் விளையாட்டிலும் இதே நிலை, விரல் வேகம் உள்ளவனே எப்போதும் வெல்வான். மாறாக, அதிர்ஷ்டம் மட்டுமே உள்ள பரமபதத்தில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. பகடை விழுந்தபடி காய் நகர வேண்டியதுதான், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அது விரைவில் சலித்துவிடும். ‘மரியோ பார்ட்டி’ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. குறுவிளையாட்டுகளில் பிள்ளைகளின் கை ஓங்கும். பலகையிலோ பகடைதான் ஆட்சி செய்யும். பத்து முறை குறுவிளையாட்டில் வென்று நாணயத்தைக் குவித்த பேரனுக்கு நட்சத்திரத்தின் அருகே போய்ச் சேர வாய்க்காது. எதிலும் வெல்லாத பாட்டி உருட்டிய பகடை அவரை நேராக அதன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். ‘பூ’ என்ற பேய் வந்து ஒருவருடைய நட்சத்திரத்தைத் திருடி மற்றொருவரிடம் கொடுப்பதும் உண்டு. முறையிட இடமில்லை, சிரிக்கத்தான் வேண்டும்.

இந்த அமைப்பில் நான் மிகவும் வியந்த நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், நால்வரும் நின்ற கட்டங்களின் நிறத்தை வைத்து, அடுத்த குறுவிளையாட்டில் யார் யாரோடு சேர்வது என்று முடிவாகிறது. நால்வரும் தனித்தனியாக மோதலாம், இருவர் இருவராகப் பிரியலாம், ஒருவரை மூவர் எதிர்க்கலாம். சற்று முன்பு நட்சத்திரத்தைப் பறித்துக்கொண்ட தம்பியோடு அக்காள் கூட்டுச் சேர்ந்து ஆட வேண்டிய கட்டாயம் அடுத்த நிமிடமே வந்துவிடும்; கோபத்தைத் தள்ளிவைத்தால்தான் 10 நாணயங்கள் கிடைக்கும். வகுப்பறையில் குழு நடவடிக்கைக்காகப் பிள்ளைகளைப் பிரித்து அமர வைக்கும்போதெல்லாம் நண்பர்கள் நண்பர்களோடே ஒட்டிக்கொள்வதைப் பல ஆண்டுகள் பார்த்த எனக்கு, ஒருவர் மனமும் நோகாமல் அந்த வேலையைக் கட்டங்களின் நிறத்திடம் விட்டுவிட்டது கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

பதின்ம வயதுப் பிள்ளைகள் இந்த வரிசையைப் பற்றிச் சொல்லும் குறை வேறு. ஆட்டம் முடிந்து, வெற்றியாளர் யார் என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு, அந்த முடிவையே மாற்றக்கூடிய கூடுதல் நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. முதல் பதிப்பில் குறுவிளையாட்டில் அதிகம் ஈட்டியவர், ஒரே நேரத்தில் அதிக நாணயம் வைத்திருந்தவர், பலகையில் ஏதேனும் நிகழச் செய்யும் நிகழ்வுக் கட்டங்களில் அதிகம் நின்றவர் ஆகியோருக்கு இவை கிடைத்தன. அண்மைப் பதிப்புகளில் எதற்காகக் கிடைக்கும் என்பதே முன்கூட்டித் தெரியாது. குறைந்த தூரம் நகர்ந்தவருக்குக்கூட நட்சத்திரம் கிடைக்கலாம். இது நியாயமா என்று என் மூத்த பேரன் கேட்டால் நியாயமில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் கடைசி நிமிடம் வரை யாரும் எழுந்து போகாமல் இருப்பதற்குக் காரணமும் அதுவே. மொனோபொலியின் சாயலில் நம் நாட்டில் விற்கப்படும் சைடினாவில், பாதி ஆட்டத்திலேயே திவாலாகி மூலையில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அமர்ந்திருந்த உறவினர்கள் எல்லா வீட்டிலும் இருந்திருப்பார்கள். அதிர்ஷ்டத்தை வெறுக்கும் பிள்ளைகளுக்காக ‘ஜம்போரி’யில் தனி விதிமுறை ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், அதில் கூடுதல் நட்சத்திரம் எதற்கு என்பது தொடக்கத்திலேயே அறிவிக்கப்படும். அந்த விதிமுறையைப் பொதுவாக்காமல் தனியே வைத்ததே சரியான முடிவு.

இந்த வரிசை குற்றமே இல்லாதது என்று நான் வாதிட வரவில்லை. முதல் பதிப்பில் கயிறு இழுக்கும் போட்டி போன்ற சில குறுவிளையாட்டுகளுக்குக் கட்டுப்பாட்டுக் கருவியின் சிறு கம்பை மிக வேகமாகச் சுழற்ற வேண்டியிருந்தது. பிள்ளைகள் உள்ளங்கையை வைத்து அழுத்திச் சுழற்றியதால் தோல் உரிந்து கொப்பளங்கள் வந்தன. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் தலையிட்டதை அடுத்து, 2000ஆம் ஆண்டில் நிண்டெண்டோ அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குக் கையுறை வழங்க ஒப்புக்கொண்டது. அடுத்து வந்த பதிப்புகளில் அவ்வகைச் சுழற்சி பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. ஆட்ட அமைப்பிலும் தவறு நேர்ந்திருக்கிறது: 2012இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலும் 2015இல் வந்த பத்தாம் பதிப்பிலும் நால்வரையும் ஒரே வண்டியில் ஏற்றிச் சேர்ந்தே நகர வைத்தார்கள். அவரவர் வழியில் போக முடியாத பலகையில் என்ன சுவை இருக்கும்? 2018இல் ‘சூப்பர் மரியோ பார்ட்டி’யில் பழைய முறைக்குத் திரும்பினார்கள், உலகெங்கும் 20 மில்லியனுக்கும் மேல் விற்றதிலிருந்து மக்கள் எதை விரும்பினார்கள் என்பது தெரிகிறது.

நேரக் கட்டுப்பாடு பற்றி அந்த வாசகர் எழுதியதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவதும், மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் தருவதும், தீங்கு தெரிந்தும் தொடர்வதும் ஒரு கோளாறு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் இடம்பெற்று 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்துள்ளது. ஆனால் இந்த விளையாட்டில் ஆட்டத்திற்கு எல்லை உண்டு: தொடங்கும் முன்பே எத்தனை சுற்று என்று கேட்கும். அண்மைப் பதிப்புகளில் 10 சுற்றைத் தேர்ந்தெடுத்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிவே இல்லாமல் அடுத்த கட்டம், அடுத்த கட்டம் என்று இழுத்துச் செல்லும் கைப்பேசி விளையாட்டுகளில் இந்த வசதி இல்லை.

வாங்க நினைக்கும் பெற்றோர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். விலை மலிவு என்று நிண்டெண்டோவின் ‘ஸ்விட்ச் லைட்’ கருவியை வாங்கிவிடாதீர்கள்; அதைத் தொலைக்காட்சியோடு இணைக்க முடியாது, 2018ஆம் ஆண்டுப் பதிப்பை அதில் அப்படியே ஆடவும் இயலாது. வழக்கமான ‘ஸ்விட்ச்’ கருவியோடு வரும் ‘ஜாய்-கான்’ என்னும் இரு கட்டுப்பாட்டுக் கருவிகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டால் இருவர் ஆடலாம், நால்வர் ஆட இன்னொரு சோடி தேவைப்படும், அதன் விலையையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். 100 குறுவிளையாட்டுகளோடு 2021இல் வந்த ‘மரியோ பார்ட்டி சூப்பர்ஸ்டார்ஸ்’ பதிப்பு, கருவியை அசைத்து ஆட வேண்டிய அவசியமின்றிப் பொத்தான்களாலேயே ஆடக்கூடியது என்பதால், மணிக்கட்டு வலி உள்ள என் வயதினருக்கு ஏற்றது. இதில் தமிழும் இல்லை, மலாயும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு குறுவிளையாட்டுக்கும் முன்பு பழகிப் பார்க்க வாய்ப்பு இருப்பதால், ஆங்கிலம் படிக்கத் தெரியாத முதியவர்களும் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. மாணவர் பக்கத்தில் நூல் அறிமுகம் வெளியிடுவதைப் போலவே, மாதம் ஒரு விளையாட்டைப் பற்றிய சிறு குறிப்பையும் வெளியிட்டால் நலமாக இருக்கும். எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம், இணையம் கட்டாயமா, உள்ளே பணம் கேட்கிறதா, ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை இருந்தால் போதும். தங்கள் ஆசிரியர் குழு இசைந்தால், முதல் சில குறிப்புகளை நானே எழுதி அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு.