இன்ஜினை இறக்கும் முன் நம்பரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டு வாசலில் வைத்தே பைக் இன்ஜினை இறக்கி வேறு இன்ஜின் ஏற்றுவது, கை பழகியவருக்கு ஒரு நாள் வேலை. ஸ்பிளெண்டர் மாதிரியான 97.2 சிசி வண்டிக்கு 10, 12, 14, 17 ஸ்பேனர், ஒரு பாக்ஸ் செட், மேக்னெட்டை (இன்ஜின் பக்கவாட்டில் சுழன்று கரண்ட் தரும் சக்கரம்) இழுத்துக் கழற்றும் புல்லர், தாங்கிப் பிடிக்க இன்னோர் ஆள், இவ்வளவு போதும். கழற்றி மாட்டுவதில் தவறுகிறவர்கள் குறைவு. பழைய இன்ஜினுக்குக் காசு கொடுக்கும் இடத்திலும், முதல் கிக் அடிப்பதற்கு முந்தைய பத்து நிமிடத்திலும், ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகாமல் விடுவதிலும்தான் பலர் தவறுகிறார்கள். அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

மாற்றத்தான் வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். புகை அடிக்கிறது, இழுவை இல்லை, ஆயில் குறைகிறது என்றால் அது பெரும்பாலும் ப்ளாக், பிஸ்டன், ரிங் வேலை. வால்வு சீல் போனாலும் புகை வரும். ஹெட் பக்கம் சரசரவென்று சத்தம் வந்தால் டைமிங் செயினையும் டென்ஷனரையும் பாருங்கள். அடியிலிருந்து கனமாக டக் டக் என்று தட்டினால் கனெக்டிங் ராடு, அதாவது பிஸ்டனைக் க்ராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி. க்ராங்கை வெளியே எடுத்து ராடு கிட் போட்டால் தீரும். இத்தனையும் உங்கள் ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பர் பொறித்த கேஸிலேயே (இன்ஜினின் வெளிக்கூடு) முடிகிற வேலைகள். வெள்ளத்தில் மூழ்கிய இன்ஜினையும் அவசரப்பட்டுக் காயலாங்கடையில் போடாதீர்கள். 2015-லும் 2023-லும் டிசம்பர் மழையில் சென்னையில் எத்தனையோ வண்டிகள் முழுகின. அப்படிப்பட்ட வண்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றாமல் கிக்கரை மிதிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் நிற்கும் தண்ணீர் நசுங்காது, ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி, மெதுவாக மிதித்துத் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை வடியுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அந்த நிறம் மறையும்வரை இரண்டு மூன்று முறை புது ஆயில் மாற்றினால் பெரும்பாலும் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும்.

செயின் அறுந்து ஸ்ப்ராக்கெட் பக்கம் கேஸ் உடைந்துவிட்டது, பேரிங் உட்காரும் இடமே லூஸாகிவிட்டது என்றால்தான் வேறு இன்ஜின் தேட வேண்டும்.

சென்னைப் புதுப்பேட்டை மாதிரியான பழைய பார்ட்ஸ் கடைத்தெருக்களில் பழைய இன்ஜின் வாங்கும்போது, கையில் டார்ச்சோடு போங்கள். ஸ்பிளெண்டரில் இன்ஜின் நம்பர் இடது பக்கக் கேஸில், கீழ்ப்புறம் பொறித்திருக்கும். அந்த இடத்தை மண்ணெண்ணெய் துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். வார்ப்பின் சொரசொரப்பு அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து பளபளத்தாலோ, எழுத்துகள் ஒரே ஆழத்தில் இல்லாமல் ஒன்று ஏறி ஒன்று இறங்கி நின்றாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நம்பர் சரியாக இருந்தால் மேக்னெட் மூடியைக் கழற்றச் சொல்லி, மேக்னெட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது. ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே நான்கு கியரையும் போட்டுப் பாருங்கள். வடித்த ஆயிலை விரலில் எடுத்து வெயிலில் காட்டுங்கள். ஜிகினாபோல மின்னினால் உள்ளே பேரிங்கோ கியரோ அரைபடுகிறது.

‘போல்ட் ஓட்டை ஒன்றுதான், எல்லாம் பொருந்தும்’ என்று கடையில் சொல்வார்கள். ஓட்டை பொருந்துவது பாதி விஷயம்தான். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பெட்ரோல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அந்த வண்டியில் கார்புரேட்டர் இன்ஜினை ஏற்றவே கூடாது. பழைய மாடல்களுக்குள்ளேயே, பிளக்குக்கு ஸ்பார்க் அனுப்பும் சி.டி.ஐ. பெட்டி இரண்டு விதம். ஒன்று மேக்னெட் காயிலிலிருந்து கரண்ட் எடுக்கும், இன்னொன்று பேட்டரியிலிருந்து எடுக்கும். காயில் மாறிப்போனால் எத்தனை கிக் அடித்தாலும் பிளக்கில் ஸ்பார்க் வராது. உங்கள் பழைய இன்ஜினின் மேக்னெட்டையும் காயில் பிளேட்டையும் அப்படியே கழற்றிப் புதியதில் மாட்டினால் இந்தத் தலைவலி இல்லை. புல்லர் இல்லாமல் மேக்னெட்டைச் சுத்தியலால் தட்டி எடுக்காதீர்கள், க்ராங்க் போய்விடும்.

வாங்கி வந்த இன்ஜின் தரையில் இருக்கும்போதே கிளட்ச் பக்க மூடியைத் திறந்துவிடுங்கள். ஸ்பிளெண்டரில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. சுழலும்போது அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் கிண்ணம் ஒன்றும், ஒரு வலைச் சல்லடையும்தான். பல வருடம் திறக்காத இன்ஜினில் அந்தக் கிண்ணத்தின் உட்சுவரில் மை மாதிரிக் கருப்பு அழுக்கு அப்பியிருக்கும். அதை வழித்து எடுத்து, சல்லடையைப் பெட்ரோலில் கழுவி, புது பேக்கிங் (மூடிக்கு இடையில் வைக்கும் காகிதம்) போட்டு மூடுங்கள். பேக்கிங்குக்கு மேல், கசிவை அடைக்கும் அனபாண்டு பேஸ்ட்டை அள்ளிப் பூசுவது கெட்ட பழக்கம். போல்ட் முறுக்கும்போது பிதுங்குகிற பேஸ்ட் உட்பக்கமும் பிதுங்கி, ஆயில் போகும் துவாரத்தை அடைக்கும். ஹெட்டில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஆயில் இல்லாமல் காய்ந்து பிடிப்பது பல சமயம் இதனால்தான்.

கழற்றும்போது பேட்டரி நெகட்டிவிலிருந்து தொடங்குங்கள். ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் பெண்டு பைப்பின் நட்டுகளுக்கு முந்தின இரவே டீசலோ துரு நீக்கும் ஸ்ப்ரேயோ விடுங்கள். அந்த நட்டு ஏறும் துருப்பிடித்த ஸ்டட் ஹெட்டோடு ஒடிந்தால், அதை எடுக்க லேத்துக்குத்தான் போக வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட் போல்ட்டைச் செயின் மாட்டியிருக்கும்போதே, பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு லூஸ் செய்யுங்கள். இன்ஜின் வெளியே வந்ததும் சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் எடை மாறும். வண்டி சாயாமல் இருக்க முன்கூட்டியே கயிறு கட்டி வையுங்கள்.

ஏற்றும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் திருகுங்கள். பின்பக்க நீள போல்ட் இரண்டு, அப்புறம் முன் பிளேட்டுகள். ஒன்றை முதலிலேயே இறுக்கிவிட்டால் மற்ற ஓட்டைகள் நேராக வராது. சுத்தியலை எடுப்பீர்கள், போல்ட் நுழையும் அலுமினியக் காது விண்டுபோகும். எல்லாம் கோர்த்த பிறகு கீழே ஜாக்கியோ பலகையோ கொடுத்து எடையைத் தாங்கிக்கொண்டு இறுக்குங்கள். 8 மி.மீ. போல்ட்டுக்கு 22 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ. போல்ட்டுக்கு 34 என்பது பொதுவான அளவு. கிளட்ச் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ஃப்ரீ பிளே, அதாவது பிடி விழும் முன் லீவர் சும்மா அசையும் இடம், விடுங்கள். கார்புரேட்டர் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும். அது தட்டையாகிப்போனால் காற்று புகுந்து ஐடிலிங் ஏறும், இன்ஜின் சூடாகும், பிளக் வெளுத்துப்போகும்.

ஆயில் 10டபிள்யூ30 கிரேடு, பாட்டிலில் பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்.ஏ. முத்திரை இருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். 800 மி.லி. ஊற்றிவிட்டு, பிளக் இல்லாமல் 30 கிக் அடியுங்கள். பம்ப் ஆயிலை மேலே ஏற்றிய பிறகுதான் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். மூன்று நிமிடம் ஐடிலிங்கில் ஓடட்டும். ஹெட்டில் வால்வுகளுக்கு மேல் உள்ள டேப்பெட் மூடி ஒன்றைத் திறந்து டார்ச் அடித்தால் உள்ளே ஆயில் நனைந்து பளபளக்க வேண்டும். காய்ந்திருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பிறகு சற்று நேரம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் திருகாமல் வைத்து எடுத்துப் பார்த்து, மேல் கோடு வரை மீதியை ஊற்றுங்கள். 500 கி.மீ. ஓடியதும் அந்த ஆயிலை மாற்றிவிடுங்கள்.

வண்டி ஓடியதும் பலர் நிறுத்திக்கொள்வது இங்கேதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி இன்ஜின் மாற்றத்துக்குப் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தாலும் 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு போய்த் தெரிவிக்க வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து வேறு. அந்த இன்ஜின் திருட்டு வண்டியில் இருந்து வந்ததாக இருந்தால், போலீஸ் சோதனையில் நிற்பது நீங்கள்தான். விபத்து என்றால், நம்பர் ஒத்துப்போகாததைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம். ஆகவே இன்ஜினுக்கு அதன் நம்பர் எழுதிய பில் வாங்குங்கள். அது எந்த வண்டியில் இருந்ததோ அந்த வண்டியின் ஆர்.சி. நகலையும் கேளுங்கள். வண்டி கடனில் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பென்சில் பிரிண்டை இன்ஜின் தரையில் இருக்கும்போதே எடுத்து வையுங்கள். ஏற்றிய பிறகு தரையில் படுத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டியிருக்கும்.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு வேண்டுகோள். இன்ஜின் மாற்ற எந்தப் படிவம், என்னென்ன காகிதம், எவ்வளவு கட்டணம், வண்டியை எந்த நாளில் கொண்டுவர வேண்டும் என்பதை ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலும் தமிழில் பலகையாக வையுங்கள். பழைய இன்ஜின் விற்கும் கடைகள் நம்பரோடு பில் கொடுப்பதைக் கட்டாயமாக்குங்கள்.

இருசக்கர வாகன மெக்கானிக் ஒருவர்,
ஈரோடு