செலவோடு கட்டணம்: வீட்டு ஒப்பந்தப் படிவத்தில் மாற்றம்

குழுவில் உள்ள கொந்தராத்துக்காரருக்கும் மேசன்மாருக்கும் வணக்கம். கட்டும் செலவை வீட்டுக்காரர் தந்து, எங்கள் வேலைக்குத் தனியாகக் கட்டணமும் தருவதுதான் 'செலவோடு கட்டணம்'. அதற்கான எங்கள் பொதுப் படிவத்தைத் திருத்தியிருக்கிறோம். பழையதை இனிப் பாவிக்க வேண்டாம்.

முக்கியமானது கட்டணம். முன்பு செலவில் இத்தனை வீதம் என்று எழுதினோம். 1 கோடிச் செலவுக்கு 12 வீதம் என்றால் 12 இலட்சம். செலவு 1.25 கோடியானால் எங்களுக்கு 15 இலட்சம். 2022இல் சீமெந்தும் கம்பியும் விலை ஏறியபோது, "உங்களுக்கு லாபந்தானே" என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே கேட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. இனிக் கட்டணம் ஒரே தொகை. வரைபடம் மாறினால் மட்டும் அது மாறும், அதுவும் இருவரும் கையெழுத்திட்ட பிறகு. வாய்ப்பேச்சு செல்லாது.

எது செலவு என்பதும் எழுத்தில் வந்துவிட்டது. சல்லி, மணல், ஏற்றுக்கூலி, ஆட்கூலி எல்லாம் செலவு. எங்கள் பிழையால் இடித்துக் கட்டினால் அது எங்கள் கணக்கு. சிலருக்குக் கசக்கும், சரி.

பில்களைக் கிழமைக்கொருமுறை படம் எடுத்து அனுப்புங்கள். வீட்டுக்காரர் கனடாவில் இருந்தால் இது இன்னும் அவசியம்.

வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம் யாருக்குப் பொருந்துமோ, அவர்கள் அதைத் தனி வரியில் காட்டவும்.